கேமரா கேள்வி-பதில்: நீர்த்துளிக்குள் ஒரு பூ

அருகம்புல் நுனியில் ஒரு தண்ணீர்த் துளி, அதற்குள் குட்டியாக ஒரு ஜெர்பெரா பூ. இந்த வகைப் படத்தை எடுக்க முயன்று பாதியில் நின்றுபோன பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (அல்சூர் வாசகர்): துளியின் விளிம்பு துல்லியமாக வருகிறது, உள்ளே இருக்கும் பூ மட்டும் எப்போதும் மங்கல். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், எஃப்/8 அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித் துளை அளவு), டிரைபாட் எல்லாம் இருக்கிறது. லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. ஃபோகஸ் வைத்த இடம்தான் தப்பு. பூ துளிக்குள் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அந்தப் பிம்பம் துளிக்கு வெளியே, கேமரா இருக்கும் பக்கத்தில், வெறும் காற்றில் விழுகிறது.

உருண்டைத் துளி ஒரு குவிலென்ஸ். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. இந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் துளியின் குவியத் தூரம் ஏறக்குறைய அதன் விட்டத்துக்குச் சமமாக வருகிறது. இது துளியின் மையத்திலிருந்து அளக்கும் தூரம். துளி 3 மி.மீ. என்றால் பூவின் பிம்பம் மையத்திலிருந்து 3 மி.மீ. முன்னால், அதாவது துளியின் முன்பரப்பைத் தாண்டி ஒன்றரை மி.மீ. தள்ளி நிற்கும். நீங்கள் பிடித்த விளிம்பு வட்டமோ மையத்தின் மட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே முழுசாக 3 மி.மீ. இடைவெளி.

இதை உங்கள் எஃப்/8 தாங்குமா? 1:1 உருப்பெருக்கத்தில் (பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும் நிலை), ஃபுல் ஃபிரேமை விடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில், எஃப்/8-க்குக் கிடைக்கும் கூர்மை ஆழம் (முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் தூரம்) மொத்தம் 0.65 மி.மீ. அளவுதான். எஃப்/11-இல் 0.9 மி.மீ. ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப்/11-க்கு 1.3 மி.மீ. எதுவும் எட்டாது. அதற்காக எஃப்/22 வரை மூடிவிடாதீர்கள். 1:1-இல் அப்பர்ச்சர் நடைமுறையில் இரண்டு மடங்கு சிறியதாக வேலை செய்யும். எஃப்/22 என்பது எஃப்/44 ஆகிவிட, ஒளி அந்தச் சின்னத் துளையில் விரிந்து, பூவும் விளிம்பும் சேர்ந்தே மழுங்கும். எஃப்/8-இலிருந்து எஃப்/11-க்குள் நின்றுகொள்வது நல்லது.

ஒரே படம் போதும் என்றால் ஃபோகஸைப் பூவின் பிம்பத்தில் வையுங்கள், விளிம்பு கொஞ்சம் மென்மையாகப் போகட்டும். பார்ப்பவர் கண் பூவுக்குத்தான் போகும். லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, முதலில் விளிம்பைப் பிடியுங்கள். பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், ஃபோகஸ் ரெயிலைத் (கேமராவை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தும் தாங்கி) திருகிக் கேமராவை மெல்லப் பின்னால் இழுங்கள். இதழ்கள் தெளிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

இரண்டுமே கூர்மையாக வேண்டும் என்றால், ஃபோகஸை நகர்த்தி எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டாக்கிங்தான் வழி. 3 மி.மீ. துளிக்கு 0.5 மி.மீ. படிகளாக, இருபுறமும் ஒரு படி கூடுதலாக, 9 படங்கள் போதும். ஸ்டாக்கிங் மென்பொருள்களில், ஜெரீன் ஸ்டாக்கரின் பிமேக்ஸ், ஹெலிகான் ஃபோகஸின் மெத்தட் சி ஆகிய முறைகள் இந்த மாதிரி ஊடுருவித் தெரியும் பொருள்களுக்குப் பொருந்தும். ஆனாலும் விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளைப் புகை வளையம் வந்து தொல்லை தரலாம். விளிம்பில் ஃபோகஸ் வைத்த படங்களில் பூவின் மங்கல் துளி முழுக்கப் பரவியிருப்பதும், மென்பொருள் அதையும் எடுத்துச் சேர்ப்பதும்தான் காரணம். அப்போது மென்பொருளை விட்டுவிடுங்கள். பூ கூர்மையான படம் ஒன்று, விளிம்பு கூர்மையான படம் ஒன்று. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, பூ கூர்மையான படம் துளியின் உட்புறத்தில் மட்டும் தெரியும்படி கையால் மாஸ்க் போடுங்கள். ஒற்றைத் துளிக்கு எங்கள் ஓட்டு இந்த முறைக்கே.

கேள்வி (மல்லேஸ்வரம் வாசகி): பூவைத் துளிக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் வைப்பது? ஒரு தடவை பொட்டு மாதிரி தெரிகிறது, இன்னொரு தடவை வெறும் நிறம்தான் தெரிகிறது. பூ தலைகீழாகவும் வருகிறதே!

பதில்: குவியத் தூரமும் விட்டமும் சமம் என்று மேலே சொன்னோம். அதனால் உங்களுக்குச் சுலபமான ஒரு கணக்கு கிடைக்கிறது. பூவின் அகலத்தைத் துளியிலிருந்து பூ இருக்கும் தூரத்தால் வகுங்கள். துளியின் அகலத்தில் அத்தனை பங்கைப் பூ நிரப்பும். 9 செ.மீ. ஜெர்பெராவை 18 செ.மீ. பின்னால் வைத்தால் துளியில் பாதி, 12 செ.மீ.யில் முக்கால் பங்கு. 9 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் இதழ் நுனிகள் விளிம்புக்குப் போய் நசுங்கி, நீங்கள் சொல்லும் வெறும் நிறம்தான் மிஞ்சும். துளி பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. பூவின் அகலத்தைப் போல ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மடங்கு தூரத்தில் தொடங்குங்கள்.

தலைகீழாக வருவது குவிலென்ஸின் இயல்பு. பூவையே தலைகீழாகக் கட்டிவிடுங்கள். படத்தை எடுத்துவிட்டுப் பிறகு சுற்றினால், தொங்கும் துளி மேல்நோக்கி நிற்கும், பார்த்தவுடன் பொய் தெரியும். ஜெர்பெரா போன்ற வட்டப் பூவுக்கு இந்தக் கவலையே இல்லை, காம்பை மறைத்தால் போதும். கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்கும்போது நடுவட்டம் கறுப்பாகவும் இதழ் வெளிர் நிறமாகவும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். 2 மி.மீ. பிம்பத்தில் பூ என்று அடையாளம் காட்டுவது அந்த வேறுபாடுதான். சாமந்தியும் செண்டுமல்லியும் நேரில் எத்தனை அழகாக இருந்தாலும் துளிக்குள் மஞ்சள் பந்தாகத்தான் தெரியும்.

பூவின் நடு, துளி, லென்ஸின் நடு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பிம்பம் துளியின் மேல்பக்கம் ஒதுங்கினால் பூ கீழே இருக்கிறது என்று பொருள். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சோல்டரிங் செய்பவர்களுக்கான முதலை கிளிப் ஸ்டாண்ட் கிடைக்கும். ஒன்றில் புல், இன்னொன்றில் பூ என்று இரண்டு வாங்கினால் இந்தச் சீரமைப்பு நிமிட வேலை.

கேள்வி (ராமமூர்த்தி நகர் வாசகர்): துளி நிற்கவே மாட்டேன் என்கிறது, நின்றாலும் பேரிக்காய் மாதிரி தொங்குகிறது. எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர். அதனாலா?

பதில்: போர்வெல் உப்பு பிம்பத்தைக் கெடுக்காது. காய்ந்ததும் புல்லிலும் நூலிலும் வெள்ளைத் திட்டு விடும், அவ்வளவுதான். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் அதுவும் தீர்ந்தது. உண்மையான எதிரி சோப்பு. பாத்திரம் கழுவிய கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் துளியளவு திரவமும் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும், துளி உருளாமல் பரவும். கிண்ணத்தை வெந்நீரில் பலமுறை அலசுங்கள்.

பேரிக்காய் வடிவத்துக்குக் காரணம் அளவு. 3 மி.மீ.க்கு மேல் போனால் எடை இழுவிசையை வென்றுவிடும். வடிவம் மாறுவதோடு நிற்காது: மேல்-கீழ் வளைவும் பக்கவாட்டு வளைவும் வேறாகிவிடுவதால், இடது வலது இதழ்கள் கூர்மையாகும்போது மேல் கீழ் இதழ்கள் மங்கும். அளந்து போடுவதற்கு இன்சுலின் சிரிஞ்சை விடச் சிறந்த கருவி இல்லை. ஆரஞ்சு மூடி யு-100 சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு 0.01 மி.லி. அது 2.7 மி.மீ. துளி. சிவப்பு மூடி யு-40 என்றால் ஒரு யூனிட்டுக்கு 0.025 மி.லி., துளி 3.6 மி.மீ. ஆகிவிடும். யு-40 வைத்திருப்பவர்கள் அரை யூனிட்டில் நிறுத்துங்கள். இத்தனை சின்னத் துளி ஊசியிலிருந்து தானாக விழாது. ஊசி முனையில் துளி திரண்டதும் புல்லைத் தொட்டு ஒட்டவையுங்கள். அதிகமாகிவிட்டால் டிஷ்யூ பேப்பரின் மூலையால் உறிஞ்சி எடுங்கள். வேலை முடிந்ததும் ஊசிக்கு மூடி போடுவதை மறக்க வேண்டாம்.

எதில் தொங்கவிடுவது? அருகம்புல்லின் மேல் இயற்கையாக ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது, அதனால்தான் துளி உருண்டு நிற்கிறது. விரலால் நீவினால் பூச்சு போய்விடும். காம்பை மட்டும் பிடியுங்கள். தையல் நூல் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும், வேண்டாம். வரிசையாகத் துளிகள் வேண்டுமானால் 0.15 மி.மீ. தூண்டில் நைலான் நரம்பு நல்லது. ஆனால் அது துளியின் குறுக்கே கோடாகத் தெரியும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மார்ச் மாதத்து வறண்ட பிற்பகலில், பெங்களூருவில், பத்து நிமிடத்திலேயே துளி சுருங்குவது ஃபோகஸில் தெரிந்துவிடும். ஸ்டாக்கிங் செய்பவர்கள் கிளிசரினும் தண்ணீரும் சம அளவில் கலந்துகொள்ளலாம். குலுக்கினால் குமிழி வரும், மெல்லக் கலக்குங்கள். கலவையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.40. பிம்பம் விட்டத்தின் 0.87 மடங்கு தூரத்துக்கு நெருங்கி வருவதால் ஸ்டாக்கில் ஒரு படி குறையும். பூவும் கொஞ்சம் சிறிதாகத் தெரியும், அதற்கேற்ப நெருக்கி வையுங்கள்.

கேள்வி (ஜீவன்பீமா நகர் வாசகர்): துளியின் மேல் பளிச்சென்று வெள்ளைப் புள்ளி. ஃபிளாஷைக் குறைத்தால் பூ இருட்டாகிறது.

பதில்: துளிக்கு வெளிச்சம் தேவையே இல்லை. பூவுக்கு மட்டும் கொடுங்கள். விளக்கைத் துளிக்கும் பூவுக்கும் நடுவில், பக்கவாட்டில், பூவைப் பார்த்தபடி வைத்து, துளியின் பக்கம் ஒரு கறுப்பு அட்டையால் மறையுங்கள். இருபுறமும் இரண்டு விளக்கு இருந்தால் நிழல் விழாது. பூவுக்குப் பின்னால் கறுப்பு சார்ட் வைத்தால் துளியின் விளிம்பு கருத்து உருவம் திருத்தமாகத் தெரியும். அதையே வெளிர் பச்சையாக மாற்றினால் படம் மென்மையாகும், ஆனால் விளிம்பு கரையும். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், துளியின் மேல் விழும் நீள வெள்ளைக் கோடு அதுதான். சன்னலும் அப்படியே.

எல்இடி மேசை விளக்கு வைப்பவர்கள் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மினுக்கும். மிரர்லெஸ் கேமராவில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் படத்தில் பட்டைகள் விழும். சீலிங் ஃபேன் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

கேள்வி (சிவாஜி நகர் வாசகர்): மேக்ரோ லென்ஸ் வாங்க வசதி இல்லை. 50 மி.மீ. எஃப்/1.8 இருக்கிறது. வேறு வழி?

பதில்: இரண்டு வழி. 12, 20, 36 மி.மீ. கொண்ட எக்ஸ்டென்ஷன் டியூப் செட்டை (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்கள்) முழுக்கப் போட்டால் 68 மி.மீ. அதை 50-ஆல் வகுத்தால் 1.36 மடங்கு உருப்பெருக்கம், மேக்ரோ லென்ஸின் 1:1-ஐத் தாண்டியது. மின் தொடர்புப் புள்ளி உள்ள டியூப்பாக வாங்குங்கள். இல்லாவிட்டால் கேமராவிலிருந்து அப்பர்ச்சரை மாற்ற முடியாது.

இன்னும் மலிவு ரிவர்ஸ் ரிங். லென்ஸைத் திருப்பி மாட்டினால் 50 மி.மீ. ஏறக்குறைய 1:1-ஐ நெருங்கும். லென்ஸிலேயே அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ்கள் இதற்கு அருமை. கேனன் இஎஃப் லென்ஸ் என்றால் திருப்புவதற்கு முன்பே எஃப்/8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தானை அழுத்தியபடியே லென்ஸைக் கழற்றுங்கள், அப்பர்ச்சர் பிளேடுகள் அந்த நிலையிலேயே நிற்கும். நிக்கானின் ஜி வகை லென்ஸில் கழற்றியதும் பிளேடுகள் முழுக்க மூடிக்கொள்ளும். பின்புறம் உள்ள சிறு நெம்புகோலை மடித்த காகிதத்தால் பாதியில் நிறுத்திவையுங்கள்.

ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் 1:1-இல் எடுத்தால், 2.7 மி.மீ. துளி சுமார் 690 பிக்சல் அகலம்தான் வரும். ஒற்றைத் துளி படத்தை நிறைக்காது. நரம்பில் நாலைந்து துளிகளை வரிசையாகத் தொங்கவிட்டு எடுக்க இந்த அளவு மிகப் பொருத்தம்.

கேள்வி (விவேக் நகர் வாசகி): மொபைலில் முடியுமா?

பதில்: முடியும். அல்ட்ரா வைட் கேமராவின் மேக்ரோ முறையை மட்டும் நம்பாதீர்கள். துளிக்கு 2-3 செ.மீ. வரை நெருங்க வேண்டியிருக்கும், போன் தன் நிழலிலேயே துளியை மறைத்துவிடும், பின்புலமும் மங்காது. முதன்மை கேமராவின் மேல் கிளிப் மேக்ரோ லென்ஸ் மாட்டுங்கள். போன் அடிக்கடி பின்னால் இருக்கும் பூவைத் தேடி ஓடும். திரையில் துளியை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, போனை ஒரு புத்தகத்தின் மேல் நிறுத்தி, புத்தகத்தை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துங்கள். பூ தெளியும் இடத்தில் டைமரில் எடுங்கள்.

கேள்வி (ஶ்ரீராமபுரம் வாசகர்): இவ்வளவு பாடு எதற்கு? ஃபோட்டோஷாப்பில் பூவை ஒட்டிவிடலாமே!

பதில்: ஒட்டலாம். விளிம்பை நெருங்க நெருங்க இதழ் எத்தனை நசுங்க வேண்டும், பின்னால் மங்கலாகத் தெரியும் பூ எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு நேர் எதிராக உள்ளே சாய வேண்டும், இதையெல்லாம் சரியாக வரைவதற்குள் பத்துத் துளி போட்டு எடுத்துவிடலாம்.

கேள்வி (மர்ஃபி டவுன் வாசகர்): லால்பாக் கண்ணாடி மாளிகையைத் துளிக்குள் கொண்டுவர ஆசை. தூரத்திலிருந்து முயன்றேன், ஒன்றுமே தெரியவில்லை.

பதில்: அதே வகுத்தல் கணக்குதான் கட்டடத்துக்கும். துளி மிகவும் அகலக் கோணம் கொண்ட லென்ஸ். கட்டடத்தின் அகலத்தைப் போல ஐந்து மடங்கு தூரத்தில் நின்றால் துளியில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும், அதுவும் சுமார் அரை மி.மீ.தான். இரண்டு மடங்கு தூரத்துக்காவது நெருங்குங்கள். வானம் துளியின் அடிப்பாகத்தில் வெள்ளையாக எரியும், ஆகவே வெயில் ஏறுவதற்கு முன், எக்ஸ்போஷரை வானத்துக்கு ஏற்ப அமைத்து எடுங்கள். நிமிர்ந்த கட்டடம் வேண்டும் என்றால் நேரில் வழியே இல்லை. படத்தைச் சுற்றினால் துளியும் புல்லும் சுற்றும்.

வீட்டிலேயே செய்ய இன்னொரு வழி உண்டு. நீங்களே எடுத்த மாளிகைப் படத்தை 10 அங்குல டேப்லெட்டில் தலைகீழாகத் திறந்து, துளிக்கு 30 செ.மீ. பின்னால் முழு வெளிச்சத்தில் நிறுத்துங்கள். பல மடங்கு சிறிதாவதால் திரையின் பிக்சல் தெரியாது. இதைத் திரைப் பிம்பம் என்று படக்குறிப்பில் சொல்லிவிடுவது நேர்மை.

கேள்வி (அல்சூர், கல்லூரி மாணவர்): விழுகிற துளிக்குள் பூ தெரிய எடுக்க முடியுமா? ஷட்டரை 1/1000 வைத்தும் கோடாகத்தான் வருகிறது.

பதில்: 20 செ.மீ. விழுந்த துளியின் வேகம் நொடிக்கு சுமார் 2 மீட்டர். 1/1000 நொடியில் 2 மி.மீ. நகர்ந்துவிடும். இதை நிறுத்த வேண்டியது ஃபிளாஷ், ஷட்டர் அல்ல. தனி ஃபிளாஷை மேனுவலில் 1/64 சக்திக்குக் குறைத்தால் அதன் ஒளி பெரும்பாலான ஃபிளாஷ்களில் 1/20000 நொடியை ஒட்டி முடிந்துவிடும், நகர்வு 0.1 மி.மீ. அளவுதான். அறையை இருட்டாக்கி, ஷட்டரை அரை நொடி திறந்துவைத்து, பூவின் மேல் மட்டும் ஃபிளாஷ் அடியுங்கள்.

துளிக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் டிரிப் செட் போதும். ஒரு மி.லி.க்கு 20 துளி என்று குறித்த செட்டில் துளி 4.5 மி.மீ. விட்டம், 60 துளி செட்டில் 3 மி.மீ.யை ஒட்டி வரும். விழும் இடத்தில் பென்சில் முனையை நிறுத்தி ஃபோகஸ் செய்து, பிறகு கேமராவை ஒரு துளி விட்டம் அளவுக்குப் பின்னால் இழுங்கள். 20 செ.மீ. விழ 0.2 நொடி ஆகிறது, கடைசி நேரத்தில் ஒரு மில்லி நொடி பிசகினால் துளி 2 மி.மீ. தள்ளிப் போகும். கையால் அழுத்திப் பிடிப்பது வெறும் அதிர்ஷ்டம். இன்ஃப்ராரெட் சென்சாரும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையும் சேர்த்துத் தாமதத்தை அமைத்தால் படம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழும்.

விழும் துளி கண்ணீர் வடிவில் இருக்காது. முனையிலிருந்து அறுந்ததும் நீளமாகவும் தட்டையாகவும் மாறி மாறித் துடிக்கும், 20 செ.மீ.க்குள் அந்தத் துடிப்பு அடங்காது. தாமதத்தை 3 மில்லி நொடிப் படிகளாகக் கூட்டிக்கொண்டே போய் உருண்டையாக இருக்கும் கணத்தைத் தேடுங்கள். சம அளவு கிளிசரின் கலந்தால் துடிப்பு சீக்கிரம் தணியும்.

கேள்வி (ஜே.பி. நகர் வாசகி): டிசம்பர் காலையில் புல்வெளியில் இருக்கும் பனித்துளியிலேயே எடுத்தால் என்ன?

பதில்: தாராளமாக. இலை நுனியில் ஒவ்வொன்றாகத் திரண்டு நிற்பவை பெரும்பாலும் பனி அல்ல, வேர் இழுத்த தண்ணீரைப் புல்லே இரவில் நுனி வழியாக வெளியே விடுகிறது. அவைதான் பெரியவை, உருண்டையானவை. படத்துக்கு உகந்தவையும் அவையே. பனித்துளிகள் இலைப் பரப்பு முழுக்கப் பொடியாக இருக்கும். பூவைக் கையோடு கொண்டுபோய், ஒரு கம்பியில் கட்டி, புல்லுக்குப் பின்னால் குத்திவிடுங்கள். காற்று வரும் பக்கம் ஒரு தெர்மாகோல் தட்டை நிறுத்துங்கள். டிரைபாடின் நடுத்தண்டைத் தலைகீழாக மாட்டினால் தரை மட்டத்துக்குக் கேமரா இறங்கும். வெயில் பட்டால் துளிகள் வேகமாகக் காய்ந்துவிடும், சூரியன் மரத்துக்கு மேல் வருவதற்குள் ஃபோகஸ் வேலை முடிந்திருக்க வேண்டும்.